பூங்கனி மாமியின் இங்கிலீஷ்

நெய்யூர்,
கார்த்திகை மாதம்.

அன்பு மகள் ஜினிஷாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அம்மையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் உன் பெயரைச் சொல்லித்தான் முழங்காலில் நிற்கிறோம். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவர் இதென்ன புதிதாகக் காகிதமும் பேனாவும் எடுத்திருக்கிறார் என்று நீ நினைப்பாய். போனில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன் மக்களே. உன் முகம் திரையில் வந்ததும் சாப்பிட்டாயா, அங்கே மழையா பனியா என்று கேட்டுவிட்டு உன் அம்மையின் கையில் போனைக் கொடுத்துவிடுகிறேன். வாட்சப்பில் எழுதினால் நீ பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே படித்துவிடுவாய், அது வேண்டாம். தபாலில் வந்து சேர நாளாகும், ஆகட்டும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படி.

வீட்டு விசேஷங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை, பின்னால் நின்ற வாழைகளில் குலை தள்ளியதாகப் பார்த்துக் காற்று சாய்த்துவிட்டது, முட்டுக் கொடுக்கச் சொன்னது நான்தான் என்று நானும், இல்லை நான்தான் என்று உன் அம்மையும் இன்றுவரை வழக்கு தீரவில்லை. அவளுடைய மூட்டுவலிக்கு ஆஸ்பத்திரியில் காட்டினோம், தினமும் நடக்கச் சொன்னார்கள், ஆலயத்துக்கு நடந்து போய் வருவதே அதற்குக் காணும் என்று அவளே தீர்மானம் செய்துவிட்டாள். எனக்கு இடது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறதாம், இப்போதைக்குக் கண்ணாடியை மாற்றினால் போதும் என்றார்கள். உன் தம்பி அபினேஷ் லீவுக்கு வந்தான், உனக்கு அனுப்ப வைத்திருந்த சக்க வத்தலைத் தின்று தீர்த்துவிட்டுப் பெங்களூருக்கு வண்டி ஏறிவிட்டான். போவதற்கு முன்னால் அவன் செய்த ஒரே உபகாரம், உன் வகுப்பு வீடியோவை முன் அறை டிவியில் பார்க்கும்படி இணைத்துக் கொடுத்தது. நான் சொல்ல வந்த காரியம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த வீடியோவை அனுப்பும்போது நீ சொன்னது எனக்கு நல்ல ஓர்மை இருக்கிறது. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு ஆங்கில மொழியியல் அறிமுக வகுப்பு எடுக்கும் பொறுப்பை உனக்குத் தந்திருக்கிறார்கள், இது உன் முதல் வகுப்பு, இதில் பூங்கனி மாமியின் குரலை ஒலிக்க விட்டிருக்கிறேன், அப்பாவும் மாமியுமாக உட்கார்ந்து பாருங்கள், வேறு யாருக்கும் இப்போது போட்டுக் காட்ட வேண்டாம் என்றாய். நானும் சரி என்றேன். ஆனால் ஞானசிங் சாரின் மகள் ஜெர்மனியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கே இங்கிலீஷைப் பற்றி வகுப்பெடுக்கிறாள் என்பதை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்ட என்னால் முடியவில்லை. உனக்கு வேலை கிடைத்ததற்கு ஸ்தோத்திர ஜெபக் கூட்டம் வைக்க வேண்டும் என்று உன் அம்மை வேறு சொல்லிக்கொண்டிருந்தாள். வைத்தோம். போதகர் வந்தார், சபையார் வந்தார்கள், எதிர்த்த கடைக் கோலப்பனும் கடையைச் சாத்திவிட்டு வந்தார். முன் அறை கொள்ளாமல் முற்றத்திலும் நாற்காலி போட்டோம்.

என் தங்கை, உன் மாமி, எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டாள். மஸ்கட்டில் நர்ஸாக இருந்த காலத்தில் வாங்கின நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களிடம் எல்லாம், எனக்க சத்தம் ஜெர்மனியில கேட்டாச்சு, இன்னைக்கு நீங்களும் கேளுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நீ கேட்டு அவள் பேசி அனுப்பின குரல் அல்லவா, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளை மேடையேறுகிறதைப் பார்க்க வந்த தாயைப் போல முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முதலில் தனியாகப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும், அப்படித்தானே நீ சொன்னாய். நான் அதைச் செய்யவில்லை.

வகுப்பு முழுக்க இங்கிலீஷில் அல்லவா, எல்லாருக்கும் தமிழில் சொல்ல டிவி பக்கத்தில் ரிமோட்டோடு நான் நின்றேன். கன்வென்ஷன் மேடையில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொல்ல, நான் ஒரு வாக்கியம் தமிழில் சொல்ல, இப்படி நின்று நின்று பழகினவன். அந்த வேலையில் ஒரு தந்திரம் உண்டு, வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள். பிரசங்கியார் சொன்னது பிடிபடாமல் போனால் மொழிபெயர்க்கிறவன் திகைத்து நிற்கக் கூடாது, நின்றால் ஜனங்களின் முகம் வாடிவிடும். சொந்தத்தில் ஏதாவது நல்லதாகச் சேர்த்துச் சொல்லி அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும். கூட்டத்தில் இருந்து ஆமென் வந்துவிட்டால் யார் சொன்னது எது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அன்று நீ ஒலி, சொல், வாக்கியம், பொருள் என்று மொழியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டிக்கொண்டு போனாய். சத்தியமாகச் சொல்கிறேன், பாதி எனக்கு விளங்கவில்லை. வேலைக்காலம் முழுக்க இங்கிலீஷ் படிப்பித்தவன், சரியைச் சரி என்பதும் தப்பைச் சிவப்பு மையால் வெட்டுவதும்தான் நான் அறிந்த இங்கிலீஷ். நீயோ எது சரி எது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை, மனுஷர்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்க வந்திருக்கிறோம் என்று தொடங்கினாய். அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. என் மகள் வெகு ஆழமாகப் பேசுகிறாள் என்று தமிழில் சொல்லிச் சமாளித்தேன், எல்லாரும் தலையாட்டினார்கள்.

அடுத்து மாமியின் குரல் வந்தது. ஆப்பரேஷனுக்கு முன்னால் பயந்து அழுத ஒரு ஓமன் நாட்டு அம்மாளைத் தேற்றிய கதை. ஐ ஆம் தேர் நோ, வொய் யூ ஆர் கிரையிங், என்று அவள் சொன்னதும், நம்ம பூங்கனிதான் என்று முன் அறையே சிரித்தது. அவளும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீடியோவிலும் பின் வரிசையில் ஒன்றிரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். அதுவரைக்கும் நடந்ததில் ஒரு குற்றமும் இல்லை. நீ அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாய். பிறகு, இவர் என் அப்பாவின் தங்கை, நான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்டுத் திருப்பிப் பேசிய இங்கிலீஷ் இவருடையது என்றாய்.

மக்களே, அந்த வாக்கியம் எனக்கு நன்றாக விளங்கியது. விளங்காத இடத்தில் சொந்தமாகச் சேர்த்தேன் என்றால் கேட்பவர்களும் பொறுத்துக்கொள்வார்கள், நானும் என்னைப் பொறுத்துக்கொள்வேன். இது விளங்கின இடம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவன் வீட்டில் இருக்கும்போது, என் மகள் உலகத்துக்கு முன்னால் நின்று மாமியின் இங்கிலீஷ்தான் எனக்கு முதல் இங்கிலீஷ் என்கிறாள். எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதை இங்கே எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். தப்பு இங்கிலீஷ் எப்படி இருக்கும் என்று படிக்க வேண்டுமா, வேறெங்கும் அலைய வேண்டாம், எங்கள் ஊரில் என் மாமி இருக்கிறாள், அவள் வாயைத் திறந்தால் போதும், இப்படி என் மகள் சொல்கிறாள் என்று சொன்னேன். உன் பெயரில் சொன்னேன். கோலப்பன் தொடையில் அடித்துச் சிரித்தார், போதகர் கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டார், முற்றத்தில் இருந்தவர்கள் என்ன என்ன என்று எட்டிப் பார்த்துக் கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. நீ மேற்கொண்டு பேசிக்கொண்டிருந்தாய், அதைக் காதில் வாங்காமல், பாருங்கள், ஜெர்மனியே சிரிக்கிறது என்று ஒன்றும் சேர்த்தேன். பிறகு ஜெப நேரமாகிவிட்டது என்று வீடியோவை நிறுத்திவிட்டேன்.

மாமி எழுந்து அடுக்களைக்குள் போனாள். ஜெபம் முடிந்ததும் ஆப்பமும் கோழிக்கறியும் அவள்தான் எல்லாருக்கும் விளம்பினாள், என்னிடமும் வந்து கறி போதுமா அண்ணா என்று கேட்டாள். அவள் சாப்பிடவில்லை, பின்வாசல் வழியாகத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்பதைப் பாத்திரம் கழுவும்போது உன் அம்மைதான் சொன்னாள். நெசமாட்டு நம்ம பிள்ள அப்படியா சொன்னா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். ஆமா, தமாசுக்குச் சொன்னாள் என்றேன். ஒரு பொய்யோடு நின்றதா, இல்லை. மாமி போனை எடுக்கவில்லையே, என்ன ஆயிற்று என்று நீ என்னைக் கேட்டாய். அவளுக்குக் காய்ச்சல் என்றேன். வீடியோ பார்த்தாளா, என்ன சொன்னாள் என்று கேட்டாய். ரொம்ப சந்தோஷப்பட்டாள் என்றேன். நீ அதைக் கேட்டு முகம் மலர்ந்து, மாமி நல்லா ஓய்வெடுக்கட்டும், நான் தொந்தரவு செய்யவில்லை என்று சொன்னாயே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் என் பேச்சு ஊருக்குள் நடமாடத் தொடங்கிவிட்டது. மாமி சீனி வாங்கக் கடைக்குப் போனால், மாமி, ஜெர்மனியில அடுத்த கிளாஸ் எப்ப என்று கோலப்பன் கேட்கிறார். அவர் மனசில் விஷம் கிடையாது, ஆனால் கடையில் நிற்கிற நாலு பேரும் சிரிக்கிறார்கள். இப்போது அவள் சாமான் வாங்கத் திங்கள்நகர் வரை பஸ்ஸில் போகிறாள். ஆலயத்தில் உன் அம்மை பக்கத்தில் உட்காருகிறவள், பின்னால் தூணோரம் போய் உட்காருகிறாள். மஸ்கட் ஆஸ்பத்திரியில் டாக்டர்களிடமும் நோயாளிகளிடமும் அந்த இங்கிலீஷை வைத்துத் தலைநிமிர்ந்து நின்றவள், இப்போது ஆலயத்துக்கு வந்த விருந்தாளி யாரோ இங்கிலீஷில் பெயர் கேட்டதற்குச் சிரித்துவிட்டுத் தமிழில் பதில் சொன்னாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, உன் வகுப்பை முதலில் இருந்து கேட்டேன். விளங்காத இடத்தில் நிறுத்தி, திரும்பக் கேட்டு, அகராதியைப் பார்த்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி. நான் நிறுத்திய இடத்துக்கு அப்புறம் நீ சொன்னதை அப்போதுதான் கேட்டேன். பழகாத சத்தத்தைக் கேட்டால் சிரிப்பு வருவது இயல்புதான், இப்போது இன்னொரு தடவை கேளுங்கள், தப்பைத் தேடாதீர்கள், ஒழுங்கைத் தேடுங்கள் என்றாய். அவள் வாக்கியத்தின் கடைசியில் வருகிற அந்த நோ என்கிற சின்னச் சொல் தற்செயலாக வருவதில்லை, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து அதே வேலையைச் செய்கிறது, எங்கள் ஊரில் நான் இருக்கேம்லா என்று கடைசியில் ஒரு லா சேர்த்துச் சொல்லி ஒருத்தரைத் தைரியப்படுத்துவதைப் போல என்று காட்டினாய். பயந்துபோன ஒரு மனுஷியை இந்தப் பேச்சுதான் ஆப்பரேஷன் தியேட்டருக்குள் கூட்டிக்கொண்டு போனது, இந்தப் பாடம் முடிகிறபோதும் இதைத் தப்பு என்பீர்களானால் நான் சரியாகச் சொல்லித் தரவில்லை என்று அர்த்தம் என்றாய். பின் வரிசையில் சிரித்தவர்களில் ஒரு பையன் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். என்னைவிட அந்தப் பையன் எவ்வளவோ மேல்.

மறுநாள் காலையில் போனை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். பின்பக்கத் திண்டில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். வாங்கண்ணா, சாயா குடிக்கியளா என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் சாயா வேண்டாம் என்று சொல்லி, பிள்ளை சொன்னது வேறு, நான் சொன்னது வேறு, வீடியோவைக் கொண்டுவந்திருக்கிறேன், வரி வரியாக உள்ளபடியே தமிழில் சொல்கிறேன், நீ கேள் என்றேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை, தலையைத் தூக்கவும் இல்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியும்லா அண்ணா என்றாள்.

முன் அறை நிறைய ஆட்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவனுக்கு, முன் வரிசையில் ஒருத்திக்கு அந்த மொழிபெயர்ப்பு தேவையே இல்லை என்று அன்றும் தோன்றவில்லை, அதற்கப்புறம் ஒரு நாளும் தோன்றவில்லை. அவள் பேசுவதை இங்கிலீஷ் என்று நான் ஒரு காலத்திலும் எண்ணினதில்லை, அதனால் அவளுக்கு விளங்கும் என்றும் எண்ணவில்லை. அவளே சொன்னாள், பிள்ள சொன்னதையும் கேட்டேன், நீங்க சொன்னதையும் கேட்டேன், அவ சொன்னதக் கேட்டு எனக்குக் கண்ணு நெறஞ்சு, நீங்க சொன்னதக் கேட்டு அது அப்படியே வத்திப் போச்சு என்று. குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பின்னே பிள்ளையின் போனை ஏன் எடுக்கவில்லை, அவள் உனக்கு என்ன செய்தாள் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. போன எடுத்தா, மாமி பாத்தியளா, அப்பா என்ன சொன்னாவன்னு கேப்பா. அவகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது. நெசத்தச் சொன்னா அவளுக்க மனசுல அவ அப்பா கொறஞ்சு போவாவ. அது வேண்டாம்னுதான் எடுக்கல்ல. நாள் போனா எல்லாம் செரியாவும்னு இருந்தேன். இதைச் சொல்லிவிட்டு, நீங்க அவகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கிய என்று கேட்டாள். காய்ச்சல் என்று சொன்னேன் என்றேன். செரி, அப்ப எனக்குக் காய்ச்சல்தான், ஞாயிற்றுக்கிழமை நானே பிள்ளைய போன்ல விளிச்சுச் சொல்லிருகேன், நீங்க அவகிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம் என்றாள். ஆலயத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் சொன்னதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தாள். வேண்டாம் அண்ணா, நீங்க மேடையில ஏறினா பின்னயும் எதையாவது சேத்துச் சொல்லிருவிய என்றாள்.

அவள் சொல்லைக் கேட்டு ஆலயத்தில் எழுந்து நிற்கவில்லை, ஆனால் கோலப்பன் கடைக்குப் போய், அது என் மகள் சொன்னது இல்லை, நான் கட்டிச் சொன்னது என்று சொன்னேன். அதனால என்ன சாரே, தமாசு தமாசுதானே என்று அவர் சிரித்துக்கொண்டே வெற்றிலையைக் கிள்ளினார். இனி மாமியிடம் அப்படிக் கேட்க வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டேன், சரி என்றிருக்கிறார். தை மாதக் கன்வென்ஷனுக்கு மொழிபெயர்க்கப் போதகர் என்னைக் கேட்டபோது, வேறு ஆளைப் பாருங்கள் என்று காரணத்தோடு சொன்னேன். அவருக்கும் அன்று சிரித்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, ஜெபித்துப் பார்ப்போம் சார் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மையிடமும் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு பேசுவதைக் குறைத்திருக்கிறாள், சாயா மட்டும் நேரத்துக்கு வருகிறது.

நீ குளிருக்குக் கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே, ரொட்டியைத் தின்று நாளைக் கழிக்காமல் ஒரு நேரமாவது சோறு வைத்துச் சாப்பிடு, வகுப்புக்குப் பேசிப் பேசித் தொண்டை காய்ந்துவிடும், வெந்நீர் வைத்துக்கொள். உன் பாடத்தை நான் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ பிறகு அனுப்பினவற்றில் இப்போது மூன்றாவது வகுப்பில் நிற்கிறேன், பரீட்சை வைத்தால் தோற்றுப்போவேன், ஆனாலும் விடவில்லை. கர்த்தர் உன்னைக் கண் கலங்காமல் வைத்திருப்பார், நீ படிப்பிக்கிற பிள்ளைகளுக்கு நீ ஆசீர்வாதமாக இருப்பாய், அப்பாவும் அம்மையும் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம்.

ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் மாமி உன்னைக் கூப்பிட்டிருப்பாள். காய்ச்சலாக இருந்தது மக்களே, அதுதான் எடுக்கவில்லை என்று சொல்லியிருப்பாள். சொன்னது மாமி என்பதால் நீயும் நம்பியிருப்பாய். அவளுக்குக் காய்ச்சலே வரவில்லை. படித்து முடித்ததும் வேறு வேலை பார்க்காமல் அவளைக் கூப்பிடு. அப்பா எல்லாவற்றையும் எழுதிவிட்டார் மாமி, இனி அவருக்காக நீங்கள் பொய் சொல்ல வேண்டாம் என்று சொல். அதை இங்கிலீஷில் சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஞானசிங்